பத்தியம் என்பது யாது?

விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் தம் கல்லூரியின் பழம்பெருமையை எடுத்துரைத்தலும், ஆசிரியப் பெருமக்களை நினைந்து போற்றுதலும், விளையாட்டுக் களத்திற் பெற்ற வெற்றிகளை நிரல்படக் கூறுதலும் மரபு. அம்மரபை நாம் குறை கூறவில்லை. அவ்வாறு எழுதுவோர் இம்மலரிலும் பலர் உளர். ஆதலின், அன்பர்கள் பொறுத்தருள்வார்களாயின், நாம் இங்கு வேறொரு பொருள் பற்றிச் சில சொற் கூற விரும்புகின்றோம். அது நோயுற்றவர் முன்னே நாம் வைக்கும் உணவைப் பற்றியது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவருக்கு நம் இல்லங்களில் என்ன உணவு கொடுக்கப்படுகின்றது, என்ன உணவு கொடுக்கப்படல் வேண்டும் என்பதே நம் கேள்வி. அடுக்களைச் செய்திதானே என்று படித்தவர்கள் இதனைப் புறக்கணித்துவிடலாகாது. அடுக்களையில் நேரும் பிழையால் வைத்தியசாலையின் உழைப்பு வீணாதலை நாம் நேரிற் கண்டிருக்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள தோட்டமொன்றுக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. கலஹாவும் தெல்தோட்டையும் ஹேவாஹெட்டயும் அடுத்தடுத்துக் கிடக்கும் அம்மலைச்சரிவுகள் இலங்கைத் தேயிலையின் பிறப்பிடம் என்பது நம் மாணவர் பலரும் அறிந்ததே. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் லூல்கந்துரைத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். அதன் பின்னர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அம்மலைகளிற் கொழுந்து கொய்தும், கவ்வாத்து வெட்டியும், கொழுந்து மூட்டை சுமந்தும் வாழ்ந்துவரும் மக்கள் நம்மவர். அவர்தம் பிள்ளைகள் பலர் நம் கல்லூரிகளிற் பயின்று இன்று பல துறைகளிலும் விளங்குகின்றனர்.

நாம் சென்ற லயத்தின் கடைசிக் காம்பராவில் அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் சுவரிற் சாய்ந்து அமர்ந்திருந்தார். வாயிலே புற்றுநோய். கண்டியிற் கதிர்ச் சிகிச்சை பெற்று வந்தார். மூன்று வாரம் நிறைந்து நான்காம் வாரம் நடந்துகொண்டிருந்த வேளையில், உடல் மிகவும் தளர்ந்துவிட்டமையால் சிகிச்சை சில நாள் நிறுத்தப்பட்டிருந்தது. தொடங்கிய நாளில் 52 கிலோவாக இருந்த அவர் நிறை 47 கிலோவாகக் குறைந்திருந்தது. என்ன உண்கின்றார் என்று வினவினோம். நாளொன்றுக்கு மூன்று வேளை அரிசிக் கஞ்சி, இடையிடையே சீனி போட்ட வெறுந்தேநீர் என்று அவர் மனைவியார் கூறினார். அக்கஞ்சியும் நன்றாக வடித்தெடுத்த தெளிவு.

முட்டை கொடுப்பதில்லையா என்று கேட்டோம். அவ்வம்மையார் திடுக்கிட்டார். முட்டையும் மீனும் கொடுத்தாற் புண் சீழ்ப்பிடிக்கும், பருப்பு வாயு, பால் சளி, ஆகையால் நோய் தீரும் வரையிற் பத்தியம் காக்கின்றோம் என்றார். அப்பொழுது வாயிற்படியருகே மூன்று நான்கு கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை இடும் முட்டை எங்கே போகின்றது என்று விசாரித்ததில், கடைக்குப் போகின்றது என்றும், அப்பணமே கண்டிக்குப் போய்வரும் பஸ் கட்டணத்துக்கு உதவுகின்றது என்றும் தெரியவந்தது. வைத்தியசாலைக்குப் போவதற்காக, வைத்தியத்தைத் தாங்கும் வலிமையைத் தரக்கூடிய உணவு விற்கப்பட்டுக்கொண்டிருந்தது! அறியாமையும் வறுமையும் ஒன்றையொன்று கைகோத்து நின்ற அக்காட்சியை நாம் இன்றளவும் மறந்திலோம்.

அம்மையார் மீது நாம் குறை சுமத்தவில்லை. அவர் தம் கணவரை உயிரினும் மேலாகப் பேணினார். தமக்கு மூத்தோர் சொல்லிக் கொடுத்ததைத் தவறாது செய்தார். வீட்டிலே ஒரு தாள் இருந்தது. ஒரு வைத்தியசாலையிற் கொடுத்த உணவு அறிவுரை அதில் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் அது சிங்களத்தில் இருந்தது. அதனை எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூட அவ்வீட்டில் ஒருவரும் இலர். சாமிப்படத்தின் பின்னே அது பத்திரமாகச் செருகி வைக்கப்பட்டிருந்தது. இவ்வாறாயின் குற்றம் யாருடையது? படித்தவர்களாகிய நம்முடையது என்றே நாம் கருதுகின்றோம்.

இனி, பொருளுக்கு வருவோம். புற்றுநோயாற் பீடிக்கப்பட்ட உடலில் நிகழ்வது யாது? நோயின் வேகத்தால் உடல் தன் இயல்பான நடைமுறையினின்றும் பிறழ்கின்றது. பசி குன்றுகின்றது. உண்பது குறைய, உடலோ தனக்கு வேண்டிய ஆற்றலைத் தன் தசையைக் கரைத்தே பெறத் தலைப்படுகின்றது. விறகு தீர்ந்த வீட்டில் கூரைக் கைமரத்தை உருவி அடுப்பெரிப்பது போன்றது இது. இவற்றின்மேல் கதிர்ச் சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் சேரும்போது, நோயுற்ற உயிரணுக்களோடு நலமான உயிரணுக்களும் ஓரளவு சேதமுறுகின்றன. வாயின் உட்சவ்வு, குடலின் உட்சவ்வு, குருதியணுக்களைப் பிறப்பிக்கும் எலும்பு மச்சை முதலியன விரைந்து புதுப்பிக்கப்படும் இயல்புடையவை. ஆதலின் அவையே முதலில் துன்புறுகின்றன. சேதமுற்றவற்றை மீளக் கட்டுவதற்கு வேண்டிய பொருள் புரதம். தசைக்கும், தோலுக்கும், குருதிக்கும், கிருமிகளை எதிர்த்து நிற்கும் ஆற்றலுக்கும் அதுவே மூலப்பொருள். மாவுப்பொருளும் கொழுப்பும் எரிபொருளாகலாம். புரதத்தின் வேலையை அவை செய்யமாட்டா.

நலமாயிருக்கும் ஒருவருக்கு உடல்நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.8 கிராம் புரதம் போதும் என்பர். புற்றுநோயாளர்க்கு அது போதாது. ஐரோப்பிய மருத்துவ உணவியற் கழகத்தார் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில், கிலோவுக்கு 1 கிராமுக்கு மேலாகவும், இயலுமாயின் 1.5 கிராம் வரையிலும் வேண்டும் என்று கூறியுள்ளனர். அத்துடன், பொதுவாகக் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி வரை ஆற்றலும் வேண்டும். ஆகவே, 50 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 75 கிராம் வரை புரதமும், 1,250 முதல் 1,500 வரை கலோரியும் தேவை என்று கொள்ளலாம்.

இனி அப்பெரியவரின் கஞ்சிக் கலயத்தை நோக்குவோம். மூன்று வேளைக் கஞ்சிக்கும் சேர்த்து நூறு கிராம் அரிசியே செலவாயிற்று. நூறு கிராம் அரிசியில் உள்ள புரதம் ஏறக்குறைய 7 கிராம். வடித்த தெளிவில் அதுவும் முழுமையாக இராது. வெறுந்தேநீரிற் புரதம் இல்லை. வேண்டியது 50, கிடைத்தது 7. ஏழில் ஒரு பங்கு உணவை உண்டுகொண்டு, திடகாத்திரமானவர்களையும் தளரச் செய்யும் சிகிச்சையை ஒரு முதியவர் எங்ஙனம் தாங்குவார்? நோய் அவரை மெலிவித்தது ஒரு பங்கு. நாம் மெலிவித்தது ஒரு பங்கு.

மெலிவு தோற்றத்தை மட்டுமே பாதிப்பது என்று எண்ணற்க. உடல் தளர்ந்தவிடத்து வைத்தியர் மருந்தின் அளவைக் குறைக்கவோ, சிகிச்சையை இடைநிறுத்தவோ நேரிடுகின்றது. தலை, கழுத்துப் பகுதிகளில் வரும் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பொதுவாக வாரம் ஐந்து நாளாக ஆறு அல்லது ஏழு வாரம் நடைபெறும். அதனை இடையில் நிறுத்தினால், அந்த இடைவெளியில் நோயணுக்கள் மீண்டும் பெருகுகின்றன. சிகிச்சையின் பயன் குறைகின்றது. இது வைத்திய உலகம் நன்கறிந்த உண்மை. ஆகவே, உணவு குறைந்தால் மருந்தும் குறைகின்றது என்பதை நாம் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

மலைநாட்டிலே இச்செய்தி இரட்டிப்பு முக்கியத்துவம் வாய்ந்தது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்னும் நான்கையும் சேர்த்து மெல்லும் வழக்கம் அதற்குத் தலையாய காரணம். புகையிலையை நீக்கிவிட்டாற் போதும் என்று நினைப்பாரும் உளர். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், பாக்குத் தானே புற்றுநோயை விளைக்கவல்லது என்று 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தெளிவாக உரைத்துள்ளது. குளிரிலும் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று கொழுந்து கொய்பவர் பசியை அடக்கவும் உடலைச் சூடேற்றவும் வாயில் வெற்றிலை அடக்குகின்றனர். பசியை அடக்கிய அதே வாய்தான் பின்னர் உண்ண முடியாத வாயாகின்றது. பிற உறுப்புகளில் நோயுற்றவராவது மெல்லவும் விழுங்கவும் வல்லர். வாயிலும் தொண்டையிலும் உணவுக் குழாயிலும் நோயுற்றவர்க்கு உணவின் வாயிலே அடைபடுகின்றது. ஆதலால் அவர் விழுங்கும் ஒவ்வொரு கவளத்திலும் சத்து நிறைந்திருத்தல் வேண்டும். தண்ணீரால் அவ்விடத்தை நிரப்புதல் தகாது.

இங்குத்தான் நம் பத்தியம் குறுக்கே நிற்கின்றது. பத்தியம் என்னும் சொல்லுக்கு வடமொழியில் உள்ள பொருள் யாதெனில், உடலுக்கு உகந்தது, நலம் பயப்பது என்பதே. அஃது உண்ணவேண்டியதைக் குறித்த சொல். காலப்போக்கில் நாம் அதனை உண்ணக்கூடாதவற்றின் பட்டியலாக்கிவிட்டோம். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் படித்தவர்கள் ஒன்றை நினைவிற் கொள்வர். அதிகாரத்தின் பெயர் மருந்து. ஆனால் அங்குப் பேசப்படுவது பெரும்பாலும் உணவு. அளவறிந்து உண்க, செரித்ததை அறிந்து உண்க, உடலோடு மாறுபடாததை உண்க என்பதே வள்ளுவர் கருத்து. உண்ணற்க என்று அவர் நோயாளியின் கலயத்தைப் பறிக்கவில்லை. அன்றியும், நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுபவனையும் சேர்த்து மருத்துவத்தின் நான்கு கூறுகளென அவர் வகுத்தார். அருகிருந்து பேணும் அந்த நான்காமவரே நம் இல்லத்துத் தாயும் மனைவியும் மகளும். அவர்க்கு வேண்டிய அறிவை வழங்காது விடின் மருத்துவம் முக்காற் பங்காகவே நின்றுவிடும்.

மக்களிடையே வழங்கும் அச்சங்கள் மூன்றினை எடுத்து ஆராய்வோம்.

முதலாவது, முட்டை, மீன், பருப்பு முதலியன புண்ணைக் கிளறும் என்பது. புண் ஆறுவதற்கு வேண்டிய மூலப்பொருளே புரதம். அதனை நிறுத்தினாற் புண் ஆறுவது தாமதமாகும். கிருமி தொற்றும் வாய்ப்பும் பெருகும். ஒருவருக்குக் குறிப்பிட்ட உணவு ஒன்று இயல்பாகவே ஒவ்வாதாயின் அதனை விலக்குதல் முறை. ஒவ்வாமை இல்லாத இடத்தில் விலக்குதல் தீங்கு.

இரண்டாவது, நன்றாக உண்டால் நோயும் நன்றாக வளரும், ஆகவே பட்டினி போட்டு நோயைக் கொல்லலாம் என்பது. இஃது இக்காலத்தில் படித்தவரிடையேயும் பரவிவருகின்றது. பட்டினியால் முதலில் மெலிவது நோயன்று, நோயாளியே. தனக்கு வேண்டியதை நோய் உடலின் தசையிலிருந்தே பெற்றுக்கொள்ளும். சிகிச்சைக் காலத்தில் ஆற்றலைக் குறைக்கும் உணவு முறைகள் வேண்டா என்பதே மேற்கூறிய கழகத்தாரின் அறிவுரையும் ஆகும். நீரிழிவு உள்ளவர் சீனியைக் கட்டுப்படுத்துதல் வேறு. புற்றுநோயாளர் அனைவரையும் பட்டினியில் வாட்டுதல் வேறு.

மூன்றாவது, ஊனுணவு இன்றிப் புரதம் கிடையாது, ஆதலின் சைவ உணவினர்க்கு வழியில்லை என்பது. நம் கல்லூரியின் அன்பர்களிற் பலர் சைவ உணவினர். அவர்கள் நோயுற்ற காலத்திலும் தம் நெறியைக் கைவிட வேண்டிய கட்டாயம் இல்லை. மைசூர்ப் பருப்பிலும் பயறிலும் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. கச்சானில் 25 கிராம். உலர்ந்த சோயாவில் 50 கிராம் வரை. ஒரு குவளைப் பாலில் 6 கிராமுக்கு மேல். தானியத்திலுள்ள புரதத்தின் குறையைப் பருப்பு நிரப்புகின்றது. பருப்பின் குறையைத் தானியம் நிரப்புகின்றது. ஆகையால் ரொட்டியோடு சம்பலை மட்டும் வைக்காமல் பருப்பையும் வைத்தால், அச்சிறு மாற்றமே பெரும்பயன் தரும்.

இனி ஒரு நாளைக் கணக்கினைப் பார்ப்போம். இரண்டு முட்டை, 12 கிராம். ஐம்பது கிராம் பருப்பு, 12 கிராம். இரண்டு குவளைப் பால், 13 கிராம். இருபத்தைந்து கிராம் சோயா, 12 கிராம். நாள் முழுதும் உண்ணும் சோறு, ரொட்டி முதலியவற்றில் 10 கிராம். ஆக 59 கிராம். ஐம்பது கிலோ நிறையுள்ளவருக்கு இது போதிய அளவே. முட்டை உண்ணாதவர் அதற்கு ஈடாகப் பயற்றையோ தயிரையோ கூட்டிக்கொள்ளலாம். மீன் உண்பவர்க்கு மீனும், நன்கு உப்பு நீக்கிய நெத்தலிக் கருவாட்டுப் பொடியும் உதவும். இவற்றுள் ஒன்றேனும் கண்டி நகரத்துப் பெருங்கடைகளைத் தேடிப் போகவேண்டிய பொருளன்று. தோட்டத்துக் கடையிற் கிடைப்பனவே. விளம்பரம் பெற்ற வெளிநாட்டு மாவு டப்பாவே நோயாளிக்கு உயிர் கொடுக்கும் என்று எண்ணிக் கடன்படுவோரும் உளர். வைத்தியர் பணித்தால் அன்றி அது வேண்டா.

வாய் புண்ணாயிருக்கையில் இவற்றை எவ்வாறு உண்பது என்று வினவுதல் இயல்பே. பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, தேங்காய்ப்பாலோ நெய்யோ சிறிது சேர்த்து, காரமும் புளியும் இன்றி, இளஞ்சூட்டிற் கொடுக்கலாம். பயற்றங் கஞ்சி, பாலிற் கரைத்த சோயா மா, முட்டையும் பாலும் கலந்து அவித்த வட்டிலப்பம் போன்ற மென்பதமான உணவு, நன்றாகக் கடைந்த தயிர்ச்சோறு ஆகியன எளிதில் இறங்கும். ஒரு குவளைப் பாலில் மேலும் இரண்டு கரண்டி பால்மாவைக் கரைத்தால், அளவு கூடாமலே சத்துக் கூடும். மூன்று பெரிய வேளை உண்ண இயலாதவர்க்கு ஆறு சிறு வேளையாகக் கொடுக்கலாம். பசி வரட்டும் என்று காத்திராமல், மருந்து கொடுப்பது போல மணி பார்த்துக் கொடுத்தல் வேண்டும். உணவுக்குச் சற்று முன்னர் வயிற்றைத் தேநீரால் நிரப்பாதிருத்தல் நன்று. வாய் வறண்டவர் அடிக்கடி நீரை உறிஞ்சி வாயை நனைக்கலாம். நாக்குச் சுவை மாறி உணவு கசப்பாகவோ உலோகம் போலவோ தோன்றினால், அது சிகிச்சையின் விளைவு, சமைத்தவரின் குற்றமன்று. நோயாளி முகஞ்சுளித்தாற் சமைத்தவர் மனம் நோகலாகாது.

தூய்மையிலும் கருத்துச் செலுத்துதல் அவசியம். சிகிச்சைக் காலத்திற் கிருமிகளை எதிர்க்கும் வலிமை குறைவாயிருக்கும். ஆதலின் முட்டையை மஞ்சட் கருவும் இறுகும்வரை வேகவைத்தல் வேண்டும். பச்சை முட்டையும் காய்ச்சாத பாலும் ஆகா. நீரைக் கொதிக்கவைத்து ஆற்றியே பருகக் கொடுக்கவேண்டும். காலையிற் சமைத்ததை இரவுவரை வைத்துக் கொடுத்தலைத் தவிர்க்கவேண்டும். சிறுநீரக நோய் உடையவர்க்குப் புரத அளவு வேறுபடும். அத்தகையோர் வைத்தியரைக் கேட்டே நடத்தல் நலம்.

விழுங்கவே இயலாத நிலை வருங்கால், வைத்தியர் மூக்கின் வழியாகவோ வயிற்றின் வழியாகவோ குழாய் பொருத்தி உணவு செலுத்த விரும்புவர். நம்மவர் இதனைக் கேட்ட மாத்திரத்தே அஞ்சுகின்றனர். இறுதிக்காலம் வந்துவிட்டதெனக் கருதி மறுக்கின்றனர். பெரும்பாலார்க்கு அது சிகிச்சைக் காலத்தைக் கடப்பதற்கான தோணியே. புண் ஆறி விழுங்கத் தொடங்கியதும் குழாயை நீக்கிவிடுவர். இதனைக் காலந்தாழ்த்தாது ஏற்பவரே உடல் மெலியாது சிகிச்சையை நிறைவுசெய்ய வல்லர்.

இவையெல்லாம் வயிறு நிறைந்தவர் பேசும் பேச்சு என்று ஒருவர் எம்மை இடித்துரைக்கலாம். அவ்விடிப்பு நியாயமானதே. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாவாகவும், 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மாவும் பால்மாவும் முட்டையும் விலையேறியபோது, நாட்டிலே மிகுதியாக அல்லலுற்றவர் தோட்ட மக்களே. வீட்டில் உழைப்பவரே நோயாளியாயின் அவர் சம்பளம் நிற்கின்றது. அவரைக் கண்டிக்கு அழைத்துச் செல்லும் துணைவரின் நாட்சம்பளமும் நிற்கின்றது. பஸ் கட்டணம் மட்டும் நிற்பதில்லை. இந்நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இஃது உலகின் பல செல்வ நாடுகளுக்கும் கிட்டாத பேறு. ஆனால் அவ்விலவச மருத்துவத்தின் எல்லை வைத்தியசாலை வாயிலோடு முடிகின்றது. வாயிலுக்கு வெளியே பயணமும் உணவும் நோயாளியின் தலையில் விழுகின்றன. அவ்விரண்டில் பயணத்தைக் குறைக்க இயலாது. ஆகவே உணவு குறைக்கப்படுகின்றது. கோழி இட்ட முட்டை கடைக்குப் போன கதை அதுவே.

இதற்குச் செய்யத்தக்கது யாது? அரசாங்கம் செய்யவேண்டியது ஒன்று உண்டு. கருவுற்ற தாய்மார்க்கும் நிறை குன்றிய குழந்தைகட்கும் சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷ மாவை இலவசமாக வழங்கும் திட்டம் 1973ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் தொடங்கியது. மெலிந்தவர்க்குச் சத்துணவு கொடுத்தல் அரசின் கடன் என்று அன்றே ஏற்றுக்கொண்டோம். அவ்வறத்தைச் சிகிச்சை பெறும் வறிய புற்றுநோயாளர்க்கும் விரிவுபடுத்தல் முறையன்றோ? மருந்துக்குச் செலவிடும் பெருந்தொகையோடு ஒப்பிட்டால் இதற்காகும் செலவு மிகச் சிறிது. அச்சிறு செலவே பெருஞ்செலவைப் பயனுடையதாக்கும்.

ஆயினும், அரசாங்கத்தை நோக்கிக் கைகாட்டிவிட்டு அமர்ந்திருத்தல் பழைய மாணவர் சங்கத்துக்கு அழகன்று. 2011ஆம் ஆண்டில் தென்கோடித் தெய்வேந்திர முனையிலிருந்து வடகோடிப் பருத்தித்துறை வரையில் மக்கள் நடந்து சென்று திரட்டிய நிதியால், தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து 2013ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டது. இன வேறுபாடின்றிப் பொதுமக்கள் தந்த சிறு தொகைகள் ஒன்றுசேர்ந்து ஒரு வைத்தியசாலையையே எழுப்பவல்லன எனின், கண்டிக்கு வந்துபோகும் நோயாளர் சிலருக்கு ஏழு வாரம் முட்டையும் பருப்பும் பாலும் வாங்கிக் கொடுத்தல் நம்மால் ஆகாததா?

நம் சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, விழா நினைவாகச் சிறு உணவு நிதியொன்றைத் தொடங்குதல். சிகிச்சை நடைபெறும் வாரங்களில் மட்டும், தகுதியுடைய நோயாளர்க்குப் பணமாக அன்றிப் பொருளாகவே உதவினால் அது கடைக்காரரிடம் போகாது கலயத்திற் சேரும். இரண்டாவது, தூரத் தோட்டங்களிலிருந்து வருவோர் கண்டியில் தங்குதற்கு, நகரிலுள்ள நம் அன்பர்கள் தம் இல்லத்தில் ஓர் அறையையேனும் ஒழித்துக் கொடுத்தல். நாள்தோறும் மலை ஏறியிறங்கும் பஸ்ஸிற் குலுங்கி வாந்தியெடுத்து இழக்கும் உணவை அது காக்கும். மூன்றாவது, வைத்தியத் துறையிலும் உணவியற் துறையிலும் உள்ள நம் பழைய மாணவர்கள் கூடி, தோட்ட மக்கள் பேசும் எளிய தமிழில், பெரிய எழுத்தில், படங்களோடு ஓர் அறிவுரைத் தாளை ஆக்கித் தருதல். சாமிப்படத்தின் பின்னே செருகிவைக்கும் தாளாக அன்றி, அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவைக்கும் தாளாக அஃது அமைதல் வேண்டும்.

மாணவத் தம்பிகளுக்கும் ஒரு பணி உண்டு. உங்கள் வீட்டில் நீங்களே முதன்முதலாகப் படித்தவராக இருக்கலாம். அவ்வாறாயின், வைத்தியசாலைத் துண்டை வாசித்துச் சொல்பவரும் நீங்களே. வைத்தியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கூறுவதைப் பாட்டிக்கு விளக்குபவரும் நீங்களே. பரீட்சைக்காகப் படித்த புரதம், மாவுப்பொருள், கொழுப்பு என்னும் பாடம் வீட்டு அடுக்களையிற் பயன்படாதாயின் அப்பாடத்தால் என்ன பயன்? வாரம் ஒருமுறை நோயாளியின் நிறையை ஒரு பழைய அப்பியாசக் கொப்பியிற் குறித்து வையுங்கள். நிறை இறங்கினால் அடுத்த முறை வைத்தியரிடம் அதனைக் காட்டுங்கள். அன்றியும், வீட்டிலோ அயலிலோ வெற்றிலை மெல்லுவோர் வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது செம்மைப் படலமோ, வாய் திறக்க இயலாத இறுக்கமோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், காலங்கடத்தாது வைத்தியரிடமோ பல் வைத்தியரிடமோ அழைத்துச் செல்லுங்கள். பேராதனைப் பல் வைத்தியசாலை நமக்குத் தொலைவில் இல்லை. தொடக்கத்திற் கண்டறியப்பட்ட நோய்க்குச் சிகிச்சையும் சிறிது; துன்பமும் சிறிது.

ஹேவாஹெட்டப் பெரியவரின் கதையை முடிக்காது விட்டோம். அத்தாளிலுள்ளதை நமக்குத் தெரிந்தவரையில் தமிழாக்கி அவ்வம்மையாருக்குப் படித்துக் காட்டினோம். தோட்ட வைத்திய உத்தியோகத்தரும் அதனை உறுதிப்படுத்தினார். அவர் கணவரின் கலயத்திற்குப் பருப்பு வந்தது, பால் வந்தது, கோழி இட்ட முட்டையும் வந்தது. பஸ் கட்டணத்தை அயல் லயத்தார் ஒருவர் மாறி ஒருவராக ஏற்றனர். நிறை உடனே ஏறவில்லை. ஆனால் இறங்குவது நின்றது. சிகிச்சை மீண்டும் தொடங்கி நிறைவெய்தியது. உணவு அவர் நோயைத் தீர்த்தது என்று நாம் கூற வரவில்லை, அது பொய்யுரை. ஈராண்டின் பின்னர் நோய் திரும்பி வந்தது, அவர் மறைந்தார். ஆனால் அவ்விரண்டு ஆண்டுகளும் அவர் தம் காலால் நடந்து, தம் கையால் உண்டு, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு அழைத்துச் சென்று வாழ்ந்த ஆண்டுகள். பின்னொரு முறை நாம் சென்றபோது அவ்வம்மையார் கூறிய சொல் ஒன்றே: “மொதல்லயே யாராச்சும் சொல்லியிருந்தா, அந்த நாலு வாரம் அவரப் பட்டினி போட்டிருக்க மாட்டேன், ஐயா.”

அச்சொல் நம்மை நோக்கிய குற்றச்சாட்டென்றே கொண்டோம். முதலிலேயே சொல்லவேண்டியவர்கள் கற்றவர்கள். நம் கல்லூரி நமக்குக் கல்வியை அளித்தது நாம் மட்டும் உயர்வதற்காக அன்று என்பதை ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் கேட்டிருக்கின்றோம். இவ்விழா ஆண்டில் அதனை மெய்ப்பிப்போமாக. பத்தியம் என்னும் பழஞ்சொல்லுக்கு அதன் பழைய பொருளையே மீட்டுக் கொடுப்போமாக. நோயுற்றவர் கலயம் நிறைக. பேணுவோர் கை வலுப்பெறுக. நம் கல்லூரி நீடு வாழ்க.